காலைப் பற்றிப் பேசக் கூடாது

புரூக்ளின்,
அக்டோபர் 9

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய வெர்னா அக்காவுக்கு, தம்பி கிளெமன்ட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் நலம். எவ்வளவு நலம் என்று சொல்லத்தான் கோர்ட் இன்னும் அனுமதிக்கவில்லை. பார்படாஸில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில் கிட்டென்ஸ் அம்மாளின் ரொட்டிக் கடை வாசலில், நடைபாதையில் மூடி திறந்து கிடந்த நிலவறைக்குள் நான் விழுந்ததும், தொடையெலும்பில் கம்பியும் நாலு திருகாணியும் வைத்ததும் உனக்குத் தெரியும். சர்ச் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருஷமாக எனக்கு முன்வரிசையில் நிற்கிற அந்த அம்மாள் மேல் வழக்குப் போட எனக்கு மனசில்லை. பணம் இன்சூரன்ஸ் கம்பெனிதான் தரும் என்று வக்கீல் பொமரன்ஸ் அம்மாள் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன். நீதிபதியோ வழக்கை இரண்டாக வகுந்துவிட்டார். தப்பு யாருடையது என்று முதலில் ஒரு விசாரணை. அடி எவ்வளவு, நஷ்டஈடு எவ்வளவு என்று பிறகு இன்னொன்று. முதல் விசாரணையில் அடிபட்டதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, ஜூரி இரக்கப்பட்டுவிடுவார்களாம். அதனால் கைத்தடியை வெளியே வைத்துவிட்டு, ஜூரி வருவதற்கு முன்பே உட்கார்ந்து, வலித்தால் புன்னகைக்க வேண்டும் என்று வக்கீல் உத்தரவு. நாலு நாள் புன்னகைத்தேன். ஜூரியில் முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி என்னைப் பார்த்து வெட்கப்பட ஆரம்பித்துவிட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல், நடக்கும்போது நான் எங்கே பார்த்தேன் என்று கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தேங்காய் ரொட்டியை என்று உண்மையைச் சொன்னேன். விழுந்தேன் என்றதும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். ஜூரியைப் பொறுத்தவரை நான் இன்னும் அந்தக் குழிக்குள்தான் கிடக்கிறேன். அப்புறம் கிட்டென்ஸ் அம்மாள் சாட்சி சொல்ல ஏறினார். குழிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எச்சரிக்கைக் கூம்பு எங்கே என்று கேட்டால், மழையில் நனையக் கூடாதென்று கடைக்குள்ளேயே வைத்திருந்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவர், "ஐயோ, அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு மனுஷன் எப்படிக் கத்தினாரு" என்று அழுதேவிட்டார். அவருடைய வக்கீலே துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். காலை மறந்துவிடும்படி நீதிபதி ஜூரிக்குச் சொன்னதும், ஆறு பேரும் ஒரே நேரத்தில் என் காலைப் பார்த்தார்கள். நான் அதை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் கடை மேல் அறுபது சதவீதம் தப்பு, ரொட்டியைப் பார்த்த எனக்கு நாற்பது. வெற்றி என்றார் பொமரன்ஸ் அம்மாள். கால் பற்றிய விசாரணை அடுத்த வருஷமாம். அதற்குள் கால் தேறி வருகிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு வருத்தப்பட்டது என் வக்கீல் மட்டும்தான். கிட்டென்ஸ் அம்மாளும் நானும் பேசக் கூடாதென்று இரண்டு தரப்பிலும் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முதுகைப் பார்த்தே பாடுகிறேன் அக்கா, சுதி சேரவில்லை.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. கர்த்தர் உன் வீட்டைக் காக்கட்டும்.

உன் தம்பி,
கிளெமன்ட் அலெய்ன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வக்கீலம்மாள் போன் செய்தார். தீர்ப்பு ரத்து. பார்க்காமல் கால் வைத்தேனா, ஈரத்தில் வழுக்கினேனா என்பதை எலும்பு முறிந்த விதம்தான் சொல்லுமாம். அதனால் காலையும் தப்பையும் பிரிக்க முடியாது, எல்லாம் சேர்த்து முதலிலிருந்து விசாரணை. மேலே வெற்றி என்று வரும் இடத்தை அடித்துவிடு. இப்போது கிட்டென்ஸ் அம்மாள் வாசலில் வந்து நிற்கிறார். "பேசக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. இருந்தாலும் கேக்கறேன், கிளெமன்ட். கால் எப்படியிருக்கு?" என்கிறார். வழக்குக்காக இல்லாமல் இந்த ஊரில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை அக்கா. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன். சொல்லி முடிக்க நேரமாகும்.