ஹாரன்காரர் வாசித்த பியானோ

லாட்ஜ் சமையற்கட்டு வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு வெள்ளக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஏற்காடு பஜார் பின்னால் பனியில் மறைந்துவிட்டது. அப்போதுதான் அந்த ஹாரன் கேட்டது. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற ஹாரன்காரரைப் போல ஹாரன் அடித்தவர் யாரும் இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. மற்ற டிரைவர்கள் வளைவில் அடிப்பார்கள். இவர் வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அடிப்பார். எதிரே வருகிறவன் டீயைக் குடித்து முடித்து ஓரமாக நிற்பதற்கு அவகாசம் தருகிறாராம்.

ஜீப் என் பக்கத்தில் நின்றது.

"ஏனுங்க, பையத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

"வேலை தேடிப் போறேனுங்க."

"கம்ப்யூட்டர் தெரியுமுங்களா?"

நான் எட்டாவதைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு கச்சேரிக் குழுவில் ஒயர் சுற்றியிருக்கிறேன், கீபோர்டுக்காரருக்கு எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். தெரியும் என்றேன். சாப்பாடு கிடைக்கும் போலிருந்தது.

அவர் வீட்டில் கட்டிலில் கிடந்தார் மனைவி சரசக்கா. பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. சரசக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு அறையைப் பெருக்கியவர். சாயங்காலமானால் அங்கே ஒரு டீச்சர் பியானோவில் ஒரே மெட்டை வாசிப்பாராம். மனைவியைக் கூட்டிப்போக வெளியே ஜீப்பில் காத்திருந்தே ஹாரன்காரருக்கும் அது மனப்பாடம். சரசக்கா கண்ணை மூடுவதற்குள் அந்த மெட்டை அவர் காதில் போட வேண்டும். ஹாரன்காரருக்கு வேறு ஆசை இல்லை.

ஜீப்பை விற்றாலும் பியானோ வராது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பியானோ இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்பே சேலத்தில் பழைய லேப்டாப் ஒன்றும், அதில் செருகுகிற கீபோர்டு ஒன்றும் வாங்கியிருந்தார். அந்தக் கீபோர்டு தானாகச் சத்தம் போடாது, கம்ப்யூட்டர்தான் போடும். அது தெரியாமல் மலை இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டார். "ஏனுங்க, ஊமையப் புடிச்சு என் தலைல கட்டிட்டீங்களே."

பியானோ சாஃப்ட்வேர் டவுன்லோடு ஆக வீட்டில் சிக்னல் போதவில்லை. சிக்னல் கிடைக்கிற வளைவில் ஜீப்பை நிறுத்தி, போனைக் கூரைமேல் வைத்துவிட்டார். உள்ளே எஸ்டேட் ஆட்கள்.

"ஏனுங்க, வண்டி எடுக்கலீங்களா?"

"பியானோ வந்துட்டு இருக்குதுங்க. செத்த பொறுங்க."

அவர்கள் ஒதுங்கி உட்கார்ந்து இடம் விட்டார்களாம்.

ஜீப்பின் ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எந்த இடத்தில் வாசிக்கிற மாதிரி ஒலிக்க வேண்டும் என்று அந்தச் சாஃப்ட்வேர் கேட்கும். சின்ன அறை, பெரிய ஹால், தேவாலயம். எல்லாம் ஒரே விலைதானே என்று தேவாலயத்தை வைத்திருந்தார். பத்துக்குப் பத்து அறையில் ஒவ்வொரு சத்தமும் சுவரெல்லாம் சுற்றியது. சின்ன அறைக்கு மாற்றினேன்.

பெரிய கோளாறு வேறு. கீபோர்டுக் கட்டையை அழுத்தினால் சத்தம் பிந்தி வந்தது. கச்சேரிக்காரன் என்றால் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பான். ஹாரன்காரர் அதைக் கோளாறாகவே நினைக்கவில்லை. வாயால் விசிலடித்துக்கொண்டே, விசிலுக்கு முன்னால் விரலை ஓட்டினார். பிந்தி வந்த சத்தமும் விசிலும் சரியாக ஒன்று சேர்ந்தன.

"வளைவு வாரதுக்கு முந்தியே அடிச்சரோணும் சாமி. அப்பத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. செட்டிங்கில், சத்தத்தைப் பிந்த வைக்கிற பஃபர் என்ற எண்ணைக் குறைத்தேன். தொட்டதும் சத்தம் வந்தது. அவர் வாசித்தார். பியானோ முன்னால் ஓடியது, விசில் பின்னால் நொண்டியது. சரசக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நொம்ப நல்லாத்தான் பண்ணீருக்கறீங்க," என்றார் அவர். "பழையபடி கெடுத்துக் குடுங்க."

கெடுத்துக் கொடுத்தேன். மறுபடி வாசித்தார். போர்வைமேல் சரசக்காவின் இடது கை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பெருக்குகிற கை அதில்லை. ஆனால் அசைவு அதுதான். ஹாரன்காரர் கண் கட்டைமேல் இருந்ததால் நான்தான் சொன்னேன்.

"அண்ணா, அக்கா கூட்டுறாங்க."

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் விரல் தப்பிவிடும். "தெரியுது, தெரியுது," என்றார். மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு சாயங்காலமெல்லாம் அதே மெட்டு. எனக்கும் அங்கேயே சாப்பாடு, படுக்கை. ஒரு சாயங்காலம் பாதி மெட்டில் போர்வைமேல் கை நின்றது. போர்வை ஏறி இறங்குவதும் நின்றது. அவர் கடைசிவரை வாசித்தார். பிறகு லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை, அக்கம்பக்கத்தாரைச் சரசக்காவுடன் உட்கார வைத்துவிட்டு, அக்காவுடைய தங்கையைக் கூட்டிவர சேலத்துக்கு இறங்கினோம். முதல் வளைவில் ஹாரன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு பஸ் உரசுகிற மாதிரி கடந்துபோனது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டினார். ஹாரன்காரர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவில் நான் பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி ஹாரனை அழுத்தினேன்.

கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் முந்தி அடிக்கோணும், சாமி."

சம்பளம் எதுவும் பேசவில்லை. கையை ஹாரன்மேலேயே வைத்துக்கொண்டேன்.