பேரலைக்குத் தூண்டில் போட்ட எவரிஸ்டோ

சிரிப்புக்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே தர மாட்டேன். அவசரப்படுகிறவர்கள் முதலில் ஓர் இழவு வீட்டுக்கு வர வேண்டும். பயப்படாதீர்கள், யாரும் சாகவில்லை. செத்தவரை எவரிஸ்டோதான் சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே, பெண்டாட்டியிடம் சொல்வதற்காக உண்டாக்கினான்.

"மிண்டா, எங்க ஆபீஸ் அக்கவுண்டன்டோட மாமா போயிட்டாராம். நாளைக்குத் துக்கம் கேக்கப் போகணும்."

"அடப் பாவமே! எப்படிப் போனாரு?"

"அதுவா... தூக்கத்துல."

"போன மாசம் டிரைவரோட அத்தையும் தூக்கத்துலதான போனாங்க? உங்க ஆபீஸ்ல யாரும் முழிச்சிருக்கும்போது சாகறதே இல்லையா?"

எவரிஸ்டோ வாய் கொப்பளித்தான். பதில் சொல்லாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிலிப்பைன்ஸின் செபு நகரத்துப் பெரிய மாலின் மேல்மாடியில் கார்டு ஆட்டத் தகுதிப் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஓர் ஆளுக்கு டோக்கியோவில் நடக்கும் இறுதிப் போட்டியில் இடம். அந்த இடத்துக்காக எவரிஸ்டோ நாலு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் பயிற்சி எடுத்தான். எதிரே உட்கார ஆள் வேண்டுமே! மிண்டாவுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, பாதி ஊர் ஆடுகிற கடல்நாகக் கார்டுக் கட்டை அவள் கையில் கொடுத்தான். தனக்கு எரிமலைக் கட்டு.

கடல்நாகக் கட்டின் உயிர்நாடி 'பேரலை' என்ற கார்டு. அதை இறக்கினால் எதிராளி மேசையில் வைத்திருப்பதையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். மிண்டாவோ அவசரக்காரி. எவரிஸ்டோ இரண்டு சுண்டெலிகளை இறக்குவான். உடனே அவள் "ஐயோ எலி!" என்று பேரலையை விட்டுவிடுவாள். அப்புறம் எவரிஸ்டோ பதறாமல் டிராகனையும் பூதத்தையும் இறக்கி ஜெயிப்பான். தினமும் இதே கூத்து.

"நானும் போட்டிக்கு வரட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீயா? எலியைப் பாத்தாலே சுனாமி விடற ஆளு நீ. என் மானத்தை வாங்காத."

அதனால்தான் இந்த இழவு. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. அந்த ஊர் நம்பிக்கைப்படி இழவு வீட்டிலிருந்து நேரே வீடு திரும்பக் கூடாது, செத்தவரின் ஆவி பின்னாலேயே வந்துவிடும். வழியில் எங்காவது நின்று அதை உதறிவிட்டுத்தான் வர வேண்டும். எவ்வளவு தாமதமானால் என்ன, ஆவி ஒட்டிக்கொண்டு விடவில்லை என்று சொன்னால் போயிற்று!

ஞாயிறு காலை மிண்டா கறுப்புச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய, தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்பு பீக்கோச் சோறு.

"இழவு வீட்டுக்கு வெறுங்கையோட போகாத. நான் பார்லர் போயிட்டு வரேன்."

ஆக, கலர் கலரான பனியன்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று, கையில் சோற்றுத் தட்டோடு போய் நின்றான் எவரிஸ்டோ. வந்தவர் போனவரெல்லாம் எடுத்துத் தின்றார்கள். மூக்கால் பேசும் நடுவர் கத்தினார்: "கார்டுல சோறு ஒட்டக் கூடாதூ! ஒட்டினா ஆட்டம் கேன்சலூ!"

ஆனால் அன்று எவரிஸ்டோவுக்கு எதுவும் ஒட்டவில்லை, அதிர்ஷ்டம் மட்டும்தான் ஒட்டியது. எலிகளை இறக்கினான், பேரலையை விட்டார்கள். டிராகனை இறக்கினான், விழுந்தார்கள். சுற்றுக்குச் சுற்று இதே கதை. 'உலகமே மிண்டா மாதிரிதான் இருக்கு!' என்று அவனுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

கடைசிச் சுற்று. இனி ஒரே ஆட்டம், அப்புறம் டோக்கியோ. திரையில் எதிராளியின் பட்டப்பெயர் வந்தது: ஒற்றைச் சடை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

"மிண்டா! நீ பார்லருக்குன்னு சொன்ன!"

"நீ இழவுக்குன்னு சொன்ன. மாமா எப்படி இருக்காரு?"

"அது... ஆவியை உதறலாம்னு இங்க..."

"நல்லா உதறு. நானும் காலைலேருந்து அந்த மூலை மேசையில ஆடி ஜெயிச்சுக்கிட்டே உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எவரிஸ்டோ வெட்கப்பட்டது அரை நிமிஷம். அதற்குள் மண்டையில் பல்பு எரிந்தது. எதிரே இருப்பது மிண்டா! கையில் அதே கடல்நாகக் கட்டு! டோக்கியோ விமானமே மேல்மாடிக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது. அவள்மேல் பரிதாபம்கூட வந்தது.

"தோத்தா இங்க அழக் கூடாது, என்ன?"

"சரிங்க ஐயா. ஆடு."

சுண்டெலி ஒன்று. சுண்டெலி இரண்டு. இறக்கிவிட்டுப் பேரலைக்குக் காத்திருந்தான். மிண்டா கையிலிருந்த கார்டுகளைப் பார்த்தாள். எலிகளைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள்.

"உன் முறை."

எவரிஸ்டோவுக்குக் குதிக்கத் தோன்றியது. எலியைப் பார்த்தும் விடவில்லை என்றால் அவள் கையில் பேரலையே இல்லை! டிராகனை இறக்கினான். பூதத்தை இறக்கினான். மூன்று நெருப்புக் குதிரைகளையும் வரிசையாக நிறுத்தினான். கையில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. சுற்றி நின்ற கூட்டம் "ஹோ" என்றது.

மிண்டா ஒரே ஒரு கார்டை மேசையில் வைத்தாள்.

பேரலை.

எலி போச்சு, டிராகன் போச்சு, குதிரை லாயமே காலி. அடுத்த முறை அவளுடைய கடல்நாகங்கள் வந்தன. எவரிஸ்டோவின் கதை முடிந்தது. மூக்குக்கார நடுவர் அவள் கையைத் தூக்கினார்: "டோக்கியோ போறது ஒற்றைச் சடேய்ய்!"

எவரிஸ்டோவுக்கு இன்னும் புரியவில்லை. "பதட்டத்துல விட மறந்துட்டியா?"

"இல்லையே. உன் டிராகனுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்."

"பின்ன வீட்டுல மட்டும் ஏன் எலியைப் பாத்ததும்..."

"மொத வாரம் என்கிட்ட ஒரே ஒரு ஆட்டம் தோத்த. மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சோறே திங்கல. எனக்கு வீட்டுல நிம்மதி வேணாமா?"

எவரிஸ்டோவின் முகம் மெல்ல மெல்ல அவன் சட்டை நிறத்துக்கு வந்தது.

"அப்ப... நாலு மாசமா நான் ஜெயிச்சதெல்லாம்?"

"நீ எங்க ராசா ஜெயிச்ச? நான்தான் தோத்தேன்."