நடக்காத விபத்துக்கு ஒரு மன்னிப்பு

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கு யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மற்றபடி இங்கு எதுவும் சரியில்லை.

மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு நம் வீட்டுக் கூடத்திலேயே சொந்தமாக மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்துவது நீங்கள் அறிந்ததே. கம்பெனிகளின் நல்ல பெயரைப் பத்திரிகையிலும் செல்போனிலும் காப்பாற்றும் வேலையாம். இருப்பது ஒரே வாடிக்கையாளர், லிஃப்ட் கம்பெனி முதலாளி. அவரும் போனால் கடையை மூட வேண்டியதுதான். நேற்றுக் காலை நான் ஜபத்தில் இருந்தபோது பக்கத்துப் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. எடுத்துப் பார்த்தால், "எங்கள் லிஃப்ட் அறுந்து விழுந்ததற்கு ஆழ்ந்த வருத்தம்" என்று அச்சடித்திருக்கிறது! மாப்பிள்ளை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். ஒரு குடும்பஸ்தனுக்கு இப்படி நேர்ந்துவிட்டதே என்று மனசு கேட்காமல், அடியில் இருந்த முதலாளியின் எண்ணுக்கு நானே போன் போட்டேன்.

"தைரியமா இருங்க தம்பி, லிஃப்ட் விழுந்தாலும் கடவுள் இருக்கார்."

"என்னம்மா ஆச்சு? எத்தனை பேர்?"

"அதுதான் தெரியல. எண்ணிக்கை போட வேண்டிய இடத்துல வெறும் கோடுதான் போட்டிருக்கு."

அந்த மனிதர் பதறி ஊரிலுள்ள தன் கம்பெனி லிஃப்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பத்தாவது மாடிக்காரர்கள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. விபத்தே நடக்கவில்லையாம். நடந்தால் உடனே வெளியிட இப்படி அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைப்பது இவர்கள் தொழிலில் வழக்கமாம்! வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், ஆன செலவைத்தானே எழுதுவேன், ஆகாததை எழுதுவேனா அண்ணா? முதலாளி இனி உறவே வேண்டாம் என்கிறார். "உங்க வாய்க்கு ஒரு அறிக்கை எழுதி வைக்காம போயிட்டேனே, அத்தை" என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்துவிட்டார். மகளோ, "அம்மா, நீ சாமியோட மட்டும் பேசு" என்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே புறப்பட்டு வந்து, மாப்பிள்ளையை உங்கள் கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டவன் துணை.

அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஒரு தாளை நீட்டினார். நான் உங்களுக்கு எழுதுவேன் என்று எதிர்பார்த்து என் பெயரிலேயே தயாராக வைத்திருந்தாராம். "மேற்கண்டவை பதற்றத்தில் எழுதப்பட்டவை. நிறுவனம் சிறப்பாக நடக்கிறது. தாங்கள் வர வேண்டாம்." நான் பொய் எழுத மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் படித்ததும் எனக்கே அவ்வளவு நிம்மதியாக இருந்தது, அண்ணா. அதனால் அதையே நம்புங்கள். எழுதியது அவர், தபாலில் போடுவது மட்டும்தான் நான்.