சொருகுப்பூ

எத்திராஜின் விரல்கள் பூவுக்கென்று வந்த விரல்கள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறையில், சுற்றுகிற சக்கரத்தில் குண்டானையும் அண்டாவையும் அழுத்திப் பிடித்தே காய்த்துப் போன விரல்கள். அந்த விரலால் ஒரு கனகாம்பரப் பூவை எடுத்து, செடியின் பச்சைக் கதிரில் இருந்த பொடி இடுக்கில் அதன் காம்பைச் சொருகப் பார்த்தார். பூ நழுவிச் சேற்றில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது.

"இன்னாய்யா அங்க? நைட் ஷிஃப்ட்டு முடிச்சி வந்த ஆளு, மூஞ்சிகூட கழுவாம செடிக்குள்ள இன்னா தேடற?" என்று உள்ளே இருந்து முத்தம்மாள் குரல் கொடுத்தாள்.

"பல்லி ஒண்ணு ஓடுச்சிமே!"

"அத்த புடிச்சி இன்னா பண்ணப் போற, வளக்கப் போறியா?"

மூன்றாவது பூ உட்கார்ந்தது. எத்திராஜ் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பிறகு, ஒன்றும் தெரியாதவர் போலக் கத்தினார். "முத்தம்மா! இங்க வந்து பாரேன்!"

முத்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எத்திராஜ் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மகள் திவ்யாவைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியதில் இருந்து முத்தம்மாள் டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். சோறு ஆக்குவாள், சாப்பிட மறந்துவிடுவாள். எத்திராஜும் அந்த நாளில் பெரிதாகப் பேசுகிற நிலையில் இல்லைதான். பக்கத்துச் சக்கரத்தில் நின்று கூடவே உழைத்த அமல்ராஜ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததும் அவருக்கும் ஊமைக் காய்ச்சல் போல ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தன் முகம் தனக்குத் தெரிவதில்லையே. முத்தம்மாளின் முகம்தான் அவருக்குத் தெரிந்தது.

போன ஆடியில் அவள் எங்கிருந்தோ கனகாம்பர விதையை வாங்கி வந்து பின்பக்கத்தில் தெளித்தபோது, அவர் தடுக்கவில்லை. ஆனால் மனசுக்குள் பயந்தார். திருமுல்லைவாயிலில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் என்பது ரெண்டு கட்டில் போடுகிற இடம். ஒரு பக்கம் வேப்பமரம். இன்னொரு பக்கம் ஹேமநாதன் சார் எழுப்பின மூணு மாடி. வெயில் என்பது அங்கே மொய் வைக்காமல் நழுவுகிற சொந்தக்காரன் மாதிரி, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

செடி வளர்ந்தது. கதிர் விட்டது. பூவைக் காணோம். முத்தம்மாள் தினமும் காலையில் வந்து குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுபடியும் சுவர்.

அதைத் தாங்க முடியாமல்தான் எத்திராஜ் அன்று ரயிலை விட்டு இறங்கியதும், ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்திருக்கும் பொன்னியம்மாவிடம் கொஞ்சம் உதிரிப்பூ வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரே ஒரு நாள். ஒரு பூ பார்த்தால் அவளுக்குத் தெம்பு வரும், அப்புறம் செடி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

"நாளைக்கி இன்னும் நாலு பூக்கும் பாருய்யா," என்றாள் முத்தம்மாள்.

கணக்கு அங்கேயே தப்பிப் போனது.

மறுநாள் பொன்னியம்மாவிடம் உதிரி இல்லை, தொடுத்த சரம்தான் இருந்தது. எத்திராஜ் அதைப் பிய்த்துச் சொருகினார். ஷிஃப்ட்டு முடிந்த கண்ணுக்கு நூல் தெரியவில்லை. முத்தம்மாள் கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னாய்யா, பூவுல நூலு தொங்குது?"

"சிலந்தி."

"சிலந்தி முடிச்சுகூட போடுமா?"

"இந்தக் காலத்து சிலந்தி."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பூவைப் பறித்துத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது திவ்யாவுக்குப் போன் போட்டு, "நம்ம ஊட்டுப் பூவு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எத்திராஜுக்குக் குழம்பு ருசித்தது; முள் தொண்டையில் நின்றது.

ஐப்பசி மழை வந்தது. பின்பக்கம் கணுக்கால் தண்ணி. இதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடலாம் என்று பார்த்தார்.

"மழையில பூக்காதுமே."

"நேத்திக்கும் மழதான். பூத்துச்சே?"

குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொருகினார். ஒரு நாள் பொன்னியம்மாவிடம் மஞ்சள் கனகாம்பரம்தான் மிச்சம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அதையும் வாங்கி வந்து சிவப்போடு கலந்து வைத்துவிட்டார்.

ஒரே செடியில் ரெண்டு நிறம்! முத்தம்மாள் தெருவுக்கு ஓடினாள். தெருவே பின்பக்கத்துக்கு வந்தது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொரு அம்மா செடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். மொட்டை மாடியில் இருந்து எட்டிப் பார்த்த ஹேமநாதன் சார், ரோஜாத்தொட்டி வளர்க்கிறவர், படி இறங்கியே வந்துவிட்டார்.

"எத்திராஜ், நெழல்ல இப்படி ஒரு பூப்பு நான் பார்த்ததே இல்ல. என்ன உரம் போடறீங்க? மறைக்காம சொல்லணும்."

எத்திராஜின் கண் அடுப்படிப் பக்கம் போனது. வெல்ல டப்பா தெரிந்தது.

"வெல்லத் தண்ணி, சார்."

"வெல்லமா?"

"வெறும் வெல்லம் சார். கெட்டியா கரைச்சி ஊத்தணும்."

ஹேமநாதன் சார் நம்பிப் போனார். அவர் சம்சாரம் பானுப்பிரியா அந்த வாரமே சுவர் மேல் தலையை நீட்டினாள்.

"இன்னாண்ணா எங்க ஊட்டுக்காரருக்கு சொல்லிக் குடுத்தீங்க? மாடியில எறும்பு, படியில எறும்பு, நேத்திக்கி என் தலகாணிக்குள்ள எறும்பு! உங்க செடிக்கு மட்டும் எறும்பே வரல?"

"எங்க ஊட்டு எறும்புக்கு சுகரும்மா," என்றார் எத்திராஜ். "வெல்லம் தொடாது."

முத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே போய் அவள் சிரித்த சிரிப்பில் பாத்திரம் எல்லாம் உருண்டது. எத்திராஜும் சிரித்துவிட்டார். வாய் வலித்தது, பழக்கம் விட்டுப் போயிருந்தது.

தை பிறந்தது. செடிகள் இடுப்பளவுக்குத் தழைத்தன. கதிர் கதிராகத் தள்ளின. பூவை மட்டும் காணோம். ஆனால் வேலை சுலபமாகிவிட்டது. பொன்னியம்மா அவர் தலையைக் கண்டதுமே இலைப் பொட்டலத்தை நீட்டிவிடுவாள், கேட்கவே வேண்டாம். பூவும் இப்போது நழுவுவதில்லை; காம்பைக் கதிரில் வைத்தால், வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. கை பழகிவிட்டது என்று எத்திராஜ் நினைத்துக்கொண்டார். சொருகும்போது வாய்க்குள் ஏதோ பாட்டுகூட வந்தது.

ஆனாலும் மனசு அரித்தது. பொண்டாட்டியை ஏய்த்துப் பிழைக்கிற பிழைப்பு எத்தனை நாளைக்கு? செடி நிஜமாகவே பூத்துவிட்டால் இந்தப் பாவம் தொலையும். அதற்கு வெயில் வேண்டும். வெயிலுக்கு எங்கே போக?

சித்திரையில் அவருக்கு யோசனை வந்தது. பட்டறையில் ஓரம் நசுங்கிக் கிடந்த ஒரு பெரிய தகட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். ராத்திரி இடைவேளை எல்லாம் அதைச் சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்த்துச் சவரம் பண்ணுகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்தபோது பெட்டியில் பாதிப் பேர் தலை சீவிக்கொண்டார்கள்.

வேப்பமரத்தின் மேல் கிளையில் ஏறி, தகட்டைக் கட்டினார். உச்சி வெயில் தகட்டில் பட்டுக் கீழே கொட்டியது. பின்பக்கம் பிறந்த நாளில் இருந்து பார்க்காத வெளிச்சம். எத்திராஜ் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு போய்ப் படுத்தார்.

காற்று வீசியது. தகடு திரும்பியது.

கூச்சல் கேட்டு அவர் எழுந்து ஓடிவந்தபோது, ஒரு காக்கா தகட்டுக்குள் இருந்த காக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஹேமநாதன் சார் வீட்டு ரெண்டாம் மாடி ஜன்னலுக்குள் வெளிச்சம் வெல்டிங் வைத்த மாதிரி பாய்ந்துகொண்டிருந்தது. பானுப்பிரியா கண்ணைப் பொத்திக்கொண்டு, "எறும்பு போயி இப்ப நெருப்பா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். கீழே, வெயில் பட்ட பக்கத்துச் செடிகள் எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன.

முத்தம்மாள் புடவையை நனைத்துச் செடிகள் மேல் போர்த்திக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அவ்வளவு கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"உனக்குப் புத்தி கீதாய்யா? நெழல்ல நல்லா கீற செடிய வெயில காட்டி சாவடிக்கிறியே!"

"இல்லமே, பூக்கட்டும்னுதான்..."

"அதான் பூக்குதே! இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

அவர் மரத்தில் ஏறி, தகட்டை அவிழ்த்தார். இறங்கும்போது முட்டி சிராய்த்தது. அவளே மஞ்சள் வைத்துக் கட்டினாள், திட்டிக்கொண்டே.

பிழைத்த செடிகள் மறுபடி தளிர்த்தன. ஆனி போனது. ஆடி வந்தது. ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எத்திராஜிடம் முத்தம்மாள் சொன்னாள்:

"ஆத்தாவுக்கு ஒண்ணு வேண்டிகினு கீறேன்யா. நம்ம தோட்டத்துப் பூவுலயே ஒரு மால. முழு மால. கழுத்துல இருந்து பாதம் வரைக்கும்."

டிபன் பாக்ஸ் எத்திராஜின் கையில் இருந்து விழுந்தது.

"கடையில வாங்கிப் போட்டா ஆவாதா?"

"கடப் பூவ ஏன் போடணும்? நம்ம ஊட்ல பூத்துக் கொட்டுது! தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம காலையில எல்லாரும் வந்து பாக்கறாங்களாம்."

பொண்டாட்டியை ஏய்த்தாயிற்று. பக்கத்து வீட்டு ரோஜாவுக்கு எறும்பு விட்டாயிற்று. இப்போது ஆத்தாவையே ஏய்க்கிறதா? கோயம்பேட்டுச் சந்தைப் பூவை வாங்கிச் சொருகி, பறித்து, 'எங்க ஊட்டுப் பூ' என்று சொல்லி அவள் கழுத்தில் போட்டால், அவள் சும்மா விடுவாளா? கண் போகுமா, கை போகுமா? எது போனாலும் பரவாயில்லை, முத்தம்மாளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வேண்டிக்கொண்டவள் அவள்தானே.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். மறுநாள் காலையில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் மறுபடி திறந்தார். "ஆங், இன்னாய்யா?" என்றாள், முகம் முழுக்கச் சிரிப்பாக. "காபி," என்றார்.

இதைச் சொன்னால் அந்த முகம் திரும்பச் சுவரைப் பார்க்கப் போய்விடும். சொல்லாவிட்டால் ஆத்தா. நடுவில் எத்திராஜ், மாவுமில்லில் மாட்டின கோதுமை.

வெள்ளிக்கிழமை விடியலில் ரயிலை விட்டு இறங்கினார். ஸ்டேஷன் வாசலில் பொன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் பொட்டலம் இல்லை. ஒரு கூடை நிறையக் கனகாம்பரம், ஈரத் துணி போர்த்தி. அவர் வாயைத் திறக்குமுன் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்க அண்ணாத்தே. இன்னிக்கி ஜாஸ்தி வேணும்ல?"

எத்திராஜ் கூடையைத் தொடவில்லை. அவள் எதிரில் அப்படியே குந்திவிட்டார்.

"வேணாம் பொன்னிம்மா. உன் பூவு வேணாம்."

"ஏன்ணா, வாடியா கீது? இப்பதான் பறிச்சது."

"எம் பொண்டாட்டி மனசு ஒடஞ்சி கெடந்தா. அவ சிரிக்கட்டும்னு உன் பூவ வாங்கி செடியில சொருகிகினு கீறேன். பத்து மாசமா. அவ அத்த நெசம்னு நம்பி ஆத்தாவுக்கு வேண்டிகினா." அவர் தோளில் இருந்த துண்டை இழுத்தார். "ஆத்தாவ ஏமாத்த எனக்குத் துணிச்சல் இல்ல. இன்னிக்கி தெருவே பாக்க நான் மொட்டச் செடி முன்னாடி நின்னு, இத்தன நாளும் பொய்தான்னு சொல்லிடப் போறேன். அவ திட்டட்டும். அடிக்கட்டும். சுவத்தப் பாத்து ஒக்காராம இருந்தா போதும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரயில் ஒன்று ஆவடிப் பக்கம் போனது. பொன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட போ அண்ணாத்தே! தை மாசத்துல இருந்து நீ எங்கிட்ட வாங்கிகினு போனது ஒண்ணுகூட என் பூவு இல்ல. உன் செடியில பூக்கறத முத்தம்மா யக்காதான் நீ வர்றதுக்கு முன்ன பறிச்சாந்து குடுத்துட்டு, 'அமல்ராஜண்ணன் போனதுல இருந்து பேயறஞ்ச மாதிரி கெடந்த மனுசன், இத்த சொருகறப்பத்தான் சிரிக்கிறாரு, காட்டிக் குடுத்துடாத தாயி'ன்னு என் தல மேல சத்தியம் வாங்கிகினு போவுது!"