இடுப்பு வைத்த தகடு

நான்காவது தகடும் கசங்கியது.

புனல்காரர் கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். இருபத்தாறு வருடத் தகரவேலை. புனல், வாளி, புகைபோக்கி என்று எதைக் கேட்டாலும், முதலில் மனதுக்குள்ளேயே அதைக் கத்தரித்து விரித்துத் தட்டையாக்கிப் பார்த்துவிடுவார். பிறகு தகட்டில் கோடு போட்டுச் சுருட்டுவதுதான் பாக்கி. அவர் செய்யும் புனலில் ஒரு சொட்டு ஒழுகாது. அதனால் தெருவுக்கே அவர் புனல்காரர்.

இந்தப் படம் மட்டும் மனதில் விரிய மறுத்தது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், இரண்டையும் இணைத்துச் சாய்வாக நேர்கோடுகள். எல்லாமே நேர்கோடு, ஆனாலும் நடுவில் இடுப்புபோல ஒடுங்கியிருந்தது. அடியில் குறிப்பு: ஒரே தகடு. பக்கவாட்டில் ஒரே ஒரு மூட்டு. வளைக்கலாம், அடித்து நீட்டக்கூடாது.

பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வந்தபோது அவர் கடையில் இல்லை. படத்தை வாங்கி வைத்தவள் மனைவி. அவள் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை வருவாங்களாம். முடியலைன்னாலும் பரவாயில்லையாம்."

கடைசி வாக்கியம்தான் வினையானது.

"முடியலைன்னாலுமா? என்கிட்டயா?" என்றவர், அன்றைக்கே மற்ற வேலைகளை ஓரம் கட்டினார்.

முதல் தகடு கனம், இடுப்பே வரவில்லை. மெலிசாக ஒன்றை எடுத்தார். இடுப்பு வந்தது, விளிம்பெல்லாம் சுருங்கியது. மூன்றாவதைச் சூடு காட்டி வளைத்தார். விளிம்பின் சுருக்கம் இடுப்புக்கு இடம் மாறியது. நான்காவதற்கு மைத்துனனைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்கினார்கள். ஒரு கணம் படத்தில் இருந்தது அப்படியே வந்து நின்றது. அடுத்த கணம் தகடு துள்ளிய துள்ளலில் மைத்துனன் வாளி அடுக்கின் நடுவே உட்கார்ந்திருந்தான்.

எழுந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"மாமா, நான் முறுக்கலை. அது தானா திரும்புச்சு."

"உளறாதே."

கசங்கிய நான்கையும் மூலையில் சாய்த்து வைத்தார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். இறுகிய தகடு தளரும்போது அப்படித்தான் கேட்கும் என்று மனைவிக்கு விளக்கினார். ஆனால் ஒன்று கேள்வி கேட்பதும் இன்னொன்று பதில் சொல்வதுமாக அது மாறி மாறிக் கேட்டது. மனைவி பட்டறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு நான்கையும் தள்ளிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பியது. காலியான மூலையிலிருந்து நிதானமாக ஒரு 'டிங்'. புனல்காரர் திரும்பிப் பார்க்காமல் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தால், மேசைமேல் அது நின்றிருந்தது.

இடுப்பும் விளிம்பும் படத்தில் இருந்தபடியே. ஒரு சுருக்கம் இல்லை, சுத்தியல் பட்ட தடம் இல்லை. இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். இடைவெளி இல்லாமல் ஒட்டியது. எதிர்ப்பக்கம் சாய்த்தார், அப்படியும் ஒட்டியது. சுவரோரம் இருந்த புதுத் தகடுகளை எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

பின்னால் வந்த மைத்துனன் வாயைப் பிளந்தான். "மாமா, ஒத்தை ஆளா முடிச்சிட்டீங்களே."

அப்படியானால் அவனும் இல்லை. மனைவி வாசலோடு நின்று எட்டிப் பார்த்து, உங்களுக்கா வராது என்று பூரித்துப்போனாள். நான் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் புனல்காரர். 'முடியலைன்னாலும் பரவாயில்லை' காதில் ஒலித்தது.

"ஏதோ, கைக்கு வந்துச்சு" என்றார்.

பத்து மணிக்குள் எந்தப் பக்கமாக முறுக்கினார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவருக்கு வெறுங்கையால் அதைச் செய்தும் காட்டினார்.

டீச்சர் வந்ததும் முதலில் மூலைமுடுக்கில்தான் தேடினார். கசங்கிய தகடுகள் எங்கே என்று கேட்டார். அந்தக் குப்பையெல்லாம் தள்ளியாகிவிட்டது, இதைப் பாருங்கள் என்று புனல்காரர் பெருமையாக விலகி நின்றார்.

டீச்சர் மூட்டைத் தேடி விரலால் ஒரு சுற்றுத் தடவினார். மறுபடியும் ஒரு சுற்று. மூட்டு எங்கேயும் தட்டுப்படவில்லை. பிறகு சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு அந்தக் கசங்கினதுதாண்ணா வேணும். புனலும் குழாயும் விரிச்சாத் தட்டையாகும், இந்த வகை ஆகாது. தகட்டை வளைச்சு இதை யாராலயும் செய்ய முடியாதுன்னு பசங்களுக்குக் காட்டத்தான் வரைஞ்சு கொடுத்தேன்."