சந்திரமதியின் முதல் இசைத்தட்டு

ஜெயபாலன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அடியில் 'சடக்' என்றது. நாற்காலிக் காலாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே எழுந்தார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுப்பு உறைக்குள் இருந்த புது இசைத்தட்டுதான் இரண்டாகியிருந்தது.

தண்ணீர் இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த ஜெயபாலன், பதினோரு வருஷமாக ஒரு வார இதழில் புது இசைத்தட்டுகளுக்கு விமர்சனம் எழுதி வந்தார். கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. உடைந்ததும் சாதாரணத் தட்டு அல்ல. அவர் குடியிருந்த காஜா பெராங் வட்டாரத்திலேயே, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தலைமுறை தலைமுறையாக மலாய் நாட்டில் வாழும் செட்டிகளின் குடியிருப்பான செட்டி கம்பத்தில் இருந்த சந்திரமதி என்ற பெண் தானே பாட்டுக் கட்டி, எந்த முதலாளியின் தயவும் இல்லாமல் சிங்கப்பூர் போய்ப் பதிவு செய்த முதல் தட்டு.

'சுதந்திரத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நம் மண்ணின் குரல். புதன்கிழமைக்குள் எழுதி அனுப்பவும்' என்று ஆசிரியர் தட்டோடு ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தார்.

"கேட்டாச்சுன்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மனைவி பாக்கியலட்சுமி.

"எனக்குத் தெரியுமே."

கடைத்தெருவில் விசாரித்தார். எந்தக் கடைக்கும் அந்தத் தட்டு வந்திருக்கவில்லை. பாடியவளிடம் இன்னொன்று இருக்கும், பேட்டி எடுக்கிற சாக்கில் போய் அங்கேயே கேட்டுவிடலாம் என்று சைக்கிளை எடுத்தார்.

சந்திரமதிக்கு நாற்பது வயதிருக்கும். தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயலின் வாசிக்கும் அண்ணன் தம்பிராஜா பக்கத்தில் இருந்தார். அந்தக் கம்பத்தில் தமிழ் என்பது சாமி பாட்டில் மட்டும்தான் மிச்சம். பேச்சு மலாயில்தான் நடந்தது. வந்தவர் யார் என்று தெரிந்ததும் சந்திரமதி தைப்பதை நிறுத்தினாள்.

"தட்டைக் கேட்டுட்டீங்களா, கிராணியாரே?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள்.

"கேட்டேன்" என்றார் ஜெயபாலன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "முழுசாவா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் ஜெயபாலன்.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று தயங்கிக் கேட்டாள்.

"உங்க குரலுக்கு என்னம்மா. அந்தக் கனம் வேற யாருக்கு வரும்?"

"கனமா?"

கனம் என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது. சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க வயலினும் பிரமாதம்."

"வயலின் கேட்டுச்சா?" என்றார் தம்பிராஜா. அவர் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

ஒருவேளை இந்தப் பாட்டில் வயலினே இல்லையோ? "பின்னால... மெல்லிசா" என்று இழுத்தார் ஜெயபாலன். "இன்னொரு தடவை இங்கேயே போட்டுக் கேட்கலாம்னுதான் வந்தேன்."

"இங்க ஒண்ணுகூட இல்ல" என்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு சந்திரமதி மெதுவாகக் கேட்டாள்: "உங்ககிட்ட இருக்கிற தட்டைத் திருப்பித் தர முடியுமா?"

ஜெயபாலன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அதை ஆசிரியருக்கு அனுப்பிட்டேனே."

"அவரும் கேட்பாரா?"

"அவர் மட்டுமா? சுதந்திர விழாக் கூட்டத்துல ஒலிபெருக்கியில போடப்போறாராம்." அவளைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் அதைச் சொன்னார்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அண்ணா, வயலினை எடுங்க. கிராணியாரே, நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை என் வாயால கேட்டுடுங்க."

தம்பிராஜா வில்லை வைத்ததும் அவள் பாடத் தொடங்கினாள்.

சொற்கள் மலாய். தெங்கேரா கடற்கரையில் படகுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. ஆனால் ராகம் நீலாம்பரி. யாரிடமும் கற்காமல், இருநூறு முந்நூறு வருஷமாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாலாட்டாகவே நடந்து வந்த நீலாம்பரி. தமிழ்ப் பேச்சு போய்விட்ட வாயில் அந்த ராகம் மட்டும் ஒரு சுரமும் சிந்தாமல் இருந்தது. குரல் கனமே இல்லாமல், ஈர மணலில் கால் வைப்பதுபோல் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுப் போனது. கடைசி அடியில் அவள் நிறுத்திய இடத்தில் வயலினும் நின்றது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டிகூட நின்றுவிட்டதாக ஜெயபாலனுக்குத் தோன்றியது.

பதினோரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு 'அற்புதம்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை இன்றைக்காக வைத்திருந்திருக்கலாம் என்று நினைத்தார். தான் எப்போது எழுந்து நின்றோம், எப்போது கைகூப்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. இப்படிப் பாடியவள் முன்னால் பொய்யோடு நிற்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். "நான் உங்க தட்டைக் கேட்கவே இல்ல. பார்க்காம அது மேல உட்கார்ந்து உடைச்சிட்டேன். ஆசிரியருக்கும் அனுப்பல, ஒலிபெருக்கியும் இல்ல. எல்லாம் பொய். இப்போ கேட்டதை மட்டும் எழுதுறேன்."

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது சந்திரமதி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

தம்பிராஜா வயலினைக் கீழே வைத்துவிட்டு, ஜெயபாலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும், கிராணியாரே. கம்பெனிக்காரன் மாத்தி அடிச்சிட்டான். எல்லாத் தட்டுலயும், ரெண்டு பக்கமும், கோழி வளர்க்கிறது எப்படின்னு ஒரு வெள்ளைக்காரன் பேசிக்கிட்டிருக்கான்."