அடுத்த சந்தைக்காரர்

தொலைக்காட்சி சீரியலைக் கண்டுபிடித்தது யார் என்று யாராவது கேட்டால், புத்தூர் சந்தையில் நாடகம் போட்ட எங்கள் 'அடுத்த சந்தைக்காரர்'தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். டிவி என்ற சொல்லே ஊருக்குள் நுழையாத காலம் அது. கதை, வசனம், தயாரிப்பு எல்லாம் அவரே. வாராவாரம் சந்தை கலைகிற சாயங்காலம் கொட்டகையில் நாடகம் நடக்கும். மாமியார் பாலில் எதையோ கலப்பாள். மருமகள் டம்ளரை வாயருகே கொண்டுபோவாள். உடனே திரை விழும். அதற்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, "மிச்சம் அடுத்த சந்தையில" என்பார்.

மேடைக்கு வெளியிலும் மனுஷன் அப்படித்தான். ஓட்டலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று உன் மாமனார் ஒன்று சொன்னார் என்று ஆரம்பிப்பார். இட்லி தீர்ந்ததும் கை கழுவிக்கொண்டு போய்விடுவார். ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வராது.

ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த எனக்கு மருமகள் வேஷம். மாமியார், ஊர்க் கொல்லர். சந்தைக்கு வருகிறவர்களில் பாதி தமிழ், பாதி தெலுங்கு என்பதால் அவர் தமிழில் திட்டுவார், நான் தெலுங்கில் திருப்பிக் கொடுப்பேன்.

வம்பு எல்லைப் பேச்சில் வந்தது. எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எது மதராஸுக்கு என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் போய் மாமியாருக்கும் மருமகளுக்கும் வீட்டுச் சண்டையை மூட்டினார். வீடு யாருக்கு என்ற இடத்தில் திரையையும் இறக்கினார். சனங்கள் அதை எல்லை வழக்காகவே எடுத்துக்கொண்டார்கள். நகரிப் பக்கத்து விவசாயிகள் மாமியார் கட்சி, காளஹஸ்தி வியாபாரிகள் மருமகள் கட்சி. கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்கினார்கள். தாசில்தார் அவரைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் ஒரு கல் விழுந்தாலும் இனி ஜில்லாவில் எங்கேயும் நாடகம் போட முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனுஷன். முகம் செத்துப்போயிற்று.

அந்த வாரம் கொட்டகையில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் தாசில்தார். மேடையில் நானும் கொல்லரும் முறைத்துக்கொண்டு நிற்கிறோம். திரைக்குப் பின்னாலிருந்து அவர் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும், சத்தமே இல்லை.

"வாத்தியாரே, வூடு யாருக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"எனக்கே தெர்ல நைனா. ரெண்டு பேரும் குந்திச் சோறு துன்னுங்க" என்றார். கூடவே அவருடைய சாப்பாட்டுத் தூக்கும் வந்து சேர்ந்தது.

உட்கார்ந்தோம். கொல்லர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டார். நானும் கோபமாகத்தான் தின்றேன். ஆனால் புளிக்குழம்பு நன்றாக இருந்ததால் என்னை அறியாமல் தட்டை மறுபடி நீட்டிவிட்டேன். காய்கறிக் கூடையோடு பின்னால் நின்ற ஓர் அம்மாள் சொன்னாள்: "துன்னுக்கினு இருக்கட்டும் நைனா. வூடு எங்க ஓடிப்பூடப் போவுது?"

முதலில் சிரித்தவர் தாசில்தார். பிறகு இரண்டு கட்சியும் சிரித்தது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. ஒரு கல்கூட விழாமல் திரை விழுந்தது.

உள்ளே போனால் வாத்தியார் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சரி, வீடு கடைசியில் யாருக்கு என்று கேட்டேன்.

"அடுத்த சந்தையில" என்றார்.

எல்லை ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம், எங்கள் புத்தூர் ஆந்திராப் பக்கம். அந்த வீட்டு வழக்கு மட்டும் அவர் இருந்தவரை தீரவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அவர் சொல்லிவிட்டால், மறுவாரம் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு என்ன சாக்கு இருக்கும்?